மனசாட்சிக்கு ஒரு மண்டபம்

விட்டன்பரி ஊருக்கும் ஆம்ப்ரோஸ் கெல்லவே என்ற மாபெரும் சிந்தனையாளருக்கும் ஏற்பட்ட உறவு வயிற்றுப்போக்கில் தொடங்கியது. லண்டனிலிருந்து பாத் நகரத்துக்குக் கோச்சு வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் எங்கோ கெட்டுப்போன நண்டைத் தின்றுவிட்டு, இந்த ஊர் வெள்ளை மான் சத்திரத்தில் சுருண்டு படுத்தார். எழுந்து நிற்கத் தெம்பு வந்ததும் முதல் வண்டியைப் பிடித்து ஓடிவிட்டார். ஊரைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. அவர் செத்து, அரசாங்கத்தையும் மதத்தையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் நாடெங்கும் பரவி, நாடாளுமன்றத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் அதையே காட்டி அடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் விட்டன்பரி நகரசபைக்குத் திடீரென்று உறைத்தது, அவர் நம்ம ஊர்க்காரர் அல்லவா என்று.

“அவருக்குச் சிலை வைக்கிறதுக்குப் பதிலா, அன்னிக்கு அவரோட மலச்சட்டியைக் கழுவிப் போட்ட வேலைக்காரிக்கு வைக்கலாம்” என்றாள் கெசியா ஃப்ராகெட். அவள் சோப்புக் காய்ச்சும் ஜேபெஸ் ஃப்ராகெட்டின் மனைவி. நகரசபையைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. வேறு யாரைப் பற்றியும் வந்தும் அவ்வளவாகக் கேட்டதில்லை.

கெல்லவே எழுதியது ஒன்றும் விளங்காத விஷயமில்லை. அரசாங்கம் என்பது ஜனங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட காவல். அது திருடனைப் பிடிக்கலாம், வேலித் தகராறு தீர்க்கலாம், பாலம் கட்டலாம். ஒருவன் எந்தக் கூரையின்கீழ் எப்படிக் கடவுளைக் கும்பிடுகிறான் என்று எட்டிப் பார்க்க அதற்கு வேலையில்லை. ‘அதிகாரியின் கோல் முதுகை எட்டும், மனதை எட்டாது’ என்று அதில் ஒரு வரி வரும். புத்தகத்தில் விட்டன்பரி பெரியமனிதர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். மேயர் பெவிங்டன் அதை விருந்தில் சொல்வார். ராஜாவின் சர்ச்சில் குருவானவராக இருந்த டாக்டர் பாட்டிங்கர் அதைப் பிரசங்கத்தில் சொல்வார். பெண்டாட்டியை அடித்துவிட்டு நீதிபதி முன்னால் நின்ற கசாப்புக்காரன்கூட அதைச் சொல்லித் தப்பப் பார்த்தான்.

இந்த மகானுக்கு ஒரு மண்டபம் கட்டுவது என்று நகரசபை தீர்மானித்தது. வாசலில் கல்தூண்கள், உள்ளே அவருடைய மார்பளவுச் சிலை, மாடியில் பெரியமனிதர் வீட்டுப் பெண்கள் நடனமாட ஒரு கூடம், பக்கத்தில் அவர்களுடைய புருஷர்கள் சீட்டாட ஓர் அறை. நடனத்துக்கும் சீட்டுக்கும் சிந்தனைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நன்கொடை கேட்டபோது மேயர் தன் பெயரைக் கொடுத்தார், மற்றவர்களும் அதே மாதிரி தாராளமாகத் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். காசு மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அவர்களுக்கு ஷெரீஃப் பதவி ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஒருவர் ஷெரீஃப் ஆக வேண்டும். கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுவது, வரும் நீதிபதிகளுக்குத் தன் செலவில் விருந்து போடுவது எல்லாம் அவர் வேலை. ஆனால் அந்தப் பதவி ஏற்க வேண்டுமானால், அதற்குமுன் ராஜாவின் சர்ச்சில் மண்டியிட்டு, குருவானவர் கையால் திருவிருந்து ரொட்டி வாங்கித் தின்றிருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் பாதிப் பேர் அந்தச் சர்ச்சில் கால் வைக்காதவர்கள். தோல் பதனிடும் தெருவுக்குப் பின்னால், மணியும் கோபுரமும் இல்லாத ஒரு வெறுங்கூடத்தில் தங்கள் பாட்டுக்கு ஜெபம் செய்பவர்கள். கூடத்துக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அப்பன் பாட்டன் காலத்தில் ஜெயிலில் கிடந்தும் மண்டியிடாதவர்கள், ஒரு வருஷப் பதவிக்காகவா மண்டியிடப் போகிறார்கள்? மாட்டார்கள். தேர்ந்தெடுத்த பிறகு பதவியை மறுத்தால் நகரசபைக்கு அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதம் ஒரு தொழிலையே விழுங்கும் அளவுக்கு இருந்தது.

ஆகவே கூடத்துக்காரர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் இரண்டு கண்ணும் தெரியாத ஒரு தானிய வியாபாரி. அவர் மறுத்தார், கட்டினார், அஸ்திவாரம் போட்டாயிற்று. அடுத்து பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு மரக்கடைக்காரர். அவர் கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டக்கூட முடியாதவர், சுவர் எழும்பிற்று. மறுத்தவர்களின் இடத்தில் மேயரின் மருமகன் பெயருக்கு ஷெரீஃபாக உட்கார்ந்துகொண்டான். மனசாட்சியில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று சொன்னவருக்கு, மனசாட்சிக்கு அபராதம் போட்டு ஒரு மண்டபம். இதைச் செய்யும்போது அவர்களில் ஒருவனுக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் கெசியாவுக்குத் தாங்கவில்லை.

ஷெரீஃபைத் தேர்ந்தெடுக்க ஊரில் ஒரு பழைய முறை இருந்தது. மிக்கேல் திருநாள் அன்று மத்தியான விருந்தில், வாத்துக்கறி தீர்ந்ததும், பதவி விட்டுப்போகும் ஷெரீஃப் எழுந்து வெள்ளிக் கோப்பையைத் தூக்கி ஒருவர் பெயரைச் சொல்லிக் குடிப்பார். அவ்வளவுதான், அந்த ஆள் அடுத்த ஷெரீஃப். அவர் அங்கே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த வருஷம் மேயரின் மருமகன் தள்ளாடிக்கொண்டே எழுந்து ஜேபெஸ் ஃப்ராகெட்டின் பெயரைச் சொல்லிக் குடித்தபோது, ஜேபெஸ் வீட்டுக்குப் பின்னால் கொப்பரையில் கொழுப்பும் சாம்பல்நீரும் கொதிக்கக் கொதிக்கக் கிளறிக்கொண்டிருந்தார். நகரசபைச் சேவகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து வணக்கம் சொன்னான்.

மறுநாள் கணவனும் மனைவியும் மேயரைப் பார்க்கப் போனார்கள். அபராதம் கட்டினால் கொப்பரை போகும், காய்ச்சும் கொட்டகை போகும், கடைசியில் வீடும் போகும். ஜேபெஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, தயவு காட்ட வேண்டும் என்று கேட்டார். மேயர் பெவிங்டன் ஒயின் வியாபாரி. அவருடைய மூக்கே அதற்கு விளம்பரம். பக்கத்தில் குருவானவர் பாட்டிங்கர் வாதுமைக்கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

மேயர் அன்பாகவே பேசினார். “ஃப்ராகெட், உம்மை இங்க யாரும் கட்டாயப்படுத்தல. கெல்லவே என்ன சொல்றார்? சம்மதம்தான் எல்லாத்துக்கும் அடிப்படைங்கிறார். உமக்குச் சம்மதம்னா மண்டி போடும். இல்லைன்னா பணத்தைக் கட்டும். இதுக்கு மேல சுதந்திரம் எந்த நாட்டுல இருக்கு? ஸ்பெயின்ல பொறந்திருந்தா உம்மைக் கொளுத்தியிருப்பாங்க.”

குருவானவர் ஓட்டைத் துப்பிவிட்டு, திருவிருந்து என்பது அன்பின் அழைப்பு, அதை யாரும் தண்டனையாக நினைக்கக் கூடாது என்றார். பிறகு கெல்லவேயின் கோல் வரியைச் சொன்னார். ஜேபெஸ் தலையாட்டினார். இந்த ஆள் ஏன் தலையாட்டுகிறார் என்று கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய சுபாவமே அது. கெசியா அவரை விரும்பித்தான் கட்டிக்கொண்டாள். ஆனால் யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்புகிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எளிதில்லை. வரிக்காரன் வந்து கொப்பரையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனால், பாவம் அவனுக்கும் வேலை இருக்கிறதே என்பார். கூடத்தில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால், இன்று ஆவியானவர் அதிகமாகப் பேசினார் என்பார். ஒரு தடவையாவது இந்த மனுஷன் நிமிர்ந்து நிற்கக் கூடாதா என்று கெசியா ஏங்கிப்போயிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் சந்தைச் சதுக்கத்தில் பாதி எழும்பிய மண்டபச் சுவரைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை உதித்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இவங்க இந்தக் காரியத்தை எதை நம்பிச் செய்யறாங்க தெரியுமா? நம்ம மனசாட்சியை நம்பி. நாம மண்டி போட மாட்டோம்னு இவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. நீங்க போய் மண்டி போட்டுட்டா?”

ஜேபெஸ் விறைத்துப் போனார். கெசியா நடுச்சதுக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த ரொட்டியை ராஜாவின் சர்ச்சிலேயே யாரும் நம்பித் தின்பதில்லை. வரிக்காரன் உத்தியோகத்துக்காகத் தின்றுவிட்டு நேரே சாராயக் கடைக்குப் போகிறான். மேயரின் மருமகன் முதல்நாள் போதை தெளியாமலேயே தின்கிறான். ஜேபெஸும் தின்றுவிட்டால் அபராதமும் கிடையாது, மண்டபத்துக்குக் கூரையும் கிடையாது. அதற்கும் மேலே, கொழுப்பு நாற்றம் அடிக்கிற ஒரு சோப்புக்காரன் ஷெரீஃப் அங்கி போட்டு அவர்கள் நடுவில் உட்காருவான். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

“ஒரு துண்டு ரொட்டி. தின்னுட்டு வாயைத் துடைச்சிக்கிட்டு வந்துடுங்க. வானமா இடிஞ்சு விழும்?” என்றாள்.

அதற்கு அவளுடைய தம்பி காலேப்தான் எதிர்ப்புச் சொன்னான். காலேப் காலுறை நெய்பவன். வீட்டின் முன்னறையிலேயே தறிகள், பின்னறையில் மனைவியும் பிள்ளைகளும். கூடத்துச் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவன். அதிர்ந்து பேச மாட்டான். ஊரிலேயே கெல்லவேயின் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனால் அதிலிருந்து அவன் ஒரு வரிகூடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவன் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். “அக்கா, அவங்களுக்கு இது விளையாட்டு. உனக்கும் விளையாட்டா இருக்கலாம். அத்தானுக்கு அப்படி இல்லை. மண்டி போட்டுட்டு எழுந்தா அவர் பழைய ஆளா எழுந்திருக்க மாட்டார்.”

“பழைய ஆளை வச்சுக்கிட்டு நான் பட்டது போதும்” என்றாள் கெசியா. “கொப்பரை போச்சுன்னா நீயா சோறு போடுவ?”

போடுவேன் என்றான் காலேப். அதை அவன் நிஜமாகவே சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எரிச்சல் இன்னும் கூடிற்று. நல்லவர்களிடம் பேசுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று ஜேபெஸிடம் வந்து சொன்னாள். ஜேபெஸ் பல நாள் தூக்கமில்லாமல் புரண்டார். கடைசியில் தலையாட்டினார். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெசியா பிறந்ததிலிருந்து முதல் முறையாக ராஜாவின் சர்ச்சுக்குள் போனாள். மேல்தளத்தில் வேலைக்காரிகளோடு உட்கார்ந்துகொண்டாள். கீழே மேயர் குடும்பம் பஞ்சு மெத்தை போட்ட தங்கள் இருக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்தது. பிரசங்கத்தில் பாட்டிங்கர் கெல்லவேயை இழுத்தார்: உள்ளத்தில் இல்லாத விசுவாசம் விசுவாசமே ஆகாது என்று அந்த மகான் சொல்லியிருக்கிறாராம். கெசியா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

திருவிருந்து நேரம் வந்தது. பீடத்தின் முன்னால் இருந்த கம்பியருகே போய் ஜேபெஸ் மண்டியிட்டார். சர்ச்சில் ஒரு சலசலப்பு எழுந்தது. மேயருக்குத் தூக்கம் பறந்தது. பாட்டிங்கர் ஒவ்வொருவர் கையிலும் ரொட்டி வைத்துக்கொண்டே வந்தார், ஜேபெஸிடம் வந்ததும் கண்ணில் படாதவர்போல அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஜேபெஸ் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். பாட்டிங்கர் குனிந்து, விசுவாசமில்லாமல் இதை வாங்குவது ஆத்துமாவுக்குக் கேடு, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாரும் என்று கிசுகிசுத்தார். இத்தனை வருஷமாக ஊரிலுள்ள குடிகாரன், பொய்ச்சாட்சிக்காரன் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தவருக்கு அன்றைக்குத்தான் ஆத்துமா ஞாபகம் வந்தது.

ஜேபெஸ், மனைவி சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். “பதவிக்காகக் கேக்கறேன் ஐயா. மறுத்தீங்கன்னா சட்டப்படி நீங்கதான் பதில் சொல்லணும்.”

பாட்டிங்கர் மேயரைப் பார்த்தார். மேயர் கூரையைப் பார்த்தார். கூரையில் அவருக்கு எந்த வழியும் தெரியவில்லை போலிருக்கிறது. குருவானவர் ரொட்டியைப் பிட்டு, நாய்க்குப் போடுவதுபோல ஜேபெஸின் கையில் போட்டார். கெசியா கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தின்ற பிறகும் ஜேபெஸ் கண்ணை மூடியபடி வெகுநேரம் மண்டியிட்டிருந்தார். இந்த மனுஷன் தேவைக்கு மேல் நடிக்கிறாரே என்று அவள் நினைத்தாள்.

வெளியே வந்ததும், ரொட்டி எப்படி இருந்தது என்று கேலியாகக் கேட்டாள். நன்றாக இருந்தது என்றார் ஜேபெஸ்.

அடுத்த வாரமே கூடத்தில் சபை கூடி ஜேபெஸை விலக்கியது. கை தூக்கச் சொன்னார்கள். காலேப்பும் தூக்கினான், அழுதுகொண்டே தூக்கினான். கெசியா கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்து, முடிந்ததும் எழுந்து, இதுவும் ஒரு நகரசபைதான், வாத்துக்கறி மட்டும்தான் இங்கே குறைச்சல் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வெளியேறினாள். ஏழைத்தனத்தையே பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிற அந்த முகங்களும் அவளுக்கு மேயரின் மூக்குக்குச் சளைத்தவையாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து தம்பி வீட்டு வாசலைக்கூட மிதிப்பதை நிறுத்தினாள்.

ஜேபெஸ் ஷெரீஃப் ஆனார். ரோமம் வைத்துத் தைத்த அங்கி, கழுத்தில் சங்கிலி. முதல் விருந்துக்குப் போனபோது மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக விட்டிருந்தார்கள்; சோப்பு வாடையாம். கெசியா அதைக் கேட்டு அடுத்த தடவைக்கு அங்கியில் லாவெண்டர் பூவைத் திணித்து அனுப்பினாள். குளிர்காலம் முடிவதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஜேபெஸைத் தள்ளி வைப்பதைவிடக் காட்டிக்கொள்வது லாபம் என்று மேயர் கண்டுகொண்டார். வெளியூரிலிருந்து நீதிபதிகள் வந்தால், இவர் கூடத்துக்காரராக இருந்தவர், இன்று எங்கள் ஷெரீஃப், கெல்லவேயின் ஊரில் சகிப்புத்தன்மை இப்படித்தான் இருக்கும் என்று தோளில் தட்டி அறிமுகம் செய்வார். ஜேபெஸ் தலைகுனிந்து வணங்குவார். நீதிபதிகள் மனம் நெகிழ்ந்து இன்னொரு கோப்பை குடிப்பார்கள்.

ஆரம்பத்தில் ஜேபெஸ் வீட்டுக்கு வந்து அவர்களை நடித்துக் காட்டுவார். கெசியா வயிறு வலிக்கச் சிரிப்பாள். மெல்ல மெல்ல நடிப்பு குறைந்தது. ‘அவங்க’ என்பது ‘நாங்க’ ஆயிற்று. மேயர் தோல் அட்டை போட்ட கெல்லவே புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஜேபெஸ் மாலை வேளையில் அதை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தடவிப் படித்தார். கெல்லவே அவ்வளவு லேசான ஆளில்லை, அவரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நிர்வாக அனுபவம் வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். கெசியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மனுஷன் நிமிர்ந்துதான் நின்றார். முதுகு இப்படி நேராக அவள் என்றும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ராஜாவின் சர்ச்சுக்கும் போகத் தொடங்கினார். சட்டத்துக்கு ஒரு தடவை போதுமே என்றாள். போனால் என்ன, பிரசங்கம் சின்னதாக முடிந்துவிடுகிறது என்றார்.

இதற்குள் மண்டபம் கூரையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஜேபெஸிடம் பெயர வேண்டிய அபராதம் பெயரவில்லை. அடுத்தவனையும் கூப்பிட்டு அவனும் மண்டி போட்டுவிட்டால் என்ன செய்வது என்று நகரசபைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாருக்கு மனசாட்சி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. கூடத்துக்குள் வளர்ந்தவன் ஒருவன் சொன்னால்தான் உண்டு.

மிக்கேல் திருநாள் மறுபடியும் வந்தது. விருந்து முடிந்து, வெயில் தாழுமுன் ஜேபெஸ் வீட்டுக்கு வந்தார். அங்கியைக் கழற்றிப் பத்திரமாக மாட்டினார். யார் பெயரைச் சொல்லிக் குடித்தீர்கள் என்று கெசியா கேட்டாள். வழக்கம்போல ஏதோ ஒரு கிழவன் பெயர் வரும், நாலு வார்த்தை திட்டலாம் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

“காலேப் பேரைத்தான்” என்றார் ஜேபெஸ்.

கெசியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலேப்பிடம் இருப்பது தறிகள் மட்டும்தான். அவை போனால் அந்தப் பிள்ளைகள் தெருவில்தான் நிற்கும். அது ஜேபெஸுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றார். அவன் செத்தாலும் மண்டி போட மாட்டான் என்று தெரியாதா என்றாள். அதுவும் தெரியும், அதனால்தான் சொன்னது என்றார். ஒளிக்க வேண்டிய காரியம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை.

அதன் பிறகு கெசியா பேசியதில் பாதியை எழுத முடியாது. மேயருக்கும் பாட்டிங்கருக்கும் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் சொந்தப் புருஷன்மேல் கொட்டினாள். கூலிக்கு வாங்கிய முதுகெலும்பு என்றாள். நாலு வாத்து எலும்புக்குச் சொந்தத்தை விற்றவன் என்றாள். ஜேபெஸ் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நின்றபோதுதான் வாயைத் திறந்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

“அவனை யாரும் கட்டாயப்படுத்தல, கெசியா. சம்மதம் இருந்தா ஒரு துண்டு ரொட்டி தின்னட்டும். நீதானே சொன்ன, தின்னுட்டு வாயைத் துடைச்சிக்கிட்டு வந்தா வானம் இடியாதுன்னு. எனக்கு இடியலையே.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சில் முதல் பாதி மேயருடையது, மறுபாதி அவள் சந்தைச் சதுக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அவன் வந்து, வா அக்கா என்று நேற்றுத்தான் பார்த்தவன்போலக் கூப்பிட்டான். முன்னறையில் தறிகள் ஓசையில்லாமல் நின்றன. சேவகன் ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தான். கெசியா உட்காராமலே பேசினாள். மண்டி போட்டுவிடு, உன்னைப்போன்றவன் ஒரு நாள் போய்விட்டு வந்தால் கடவுள் கணக்கு வைக்க மாட்டார் என்றாள். பிள்ளைகளைக் காட்டினாள். நகரசபையைத் திட்டினாள், கூடத்தைத் திட்டினாள். கடைசியில் கெல்லவேயின் பெயரைக்கூட எடுத்தாள். மனதைத்தான் எவனும் தொட முடியாதே, முழங்காலைக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். அதைச் சொல்லும்போது தன் குரல் பாட்டிங்கரின் குரல் மாதிரியே இருப்பது அவள் காதிலேயே விழுந்தது.

“ஒரு துண்டு ரொட்டிதான், தம்பி” என்றாள்.

“உனக்கு ரொட்டி, அக்கா. எனக்கு அது ரொட்டி இல்லை” என்றான் காலேப்.

“இந்தப் பிடிவாதத்துக்கு உனக்கு யார் மண்டபம் கட்டப் போறா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க. என் தறியிலதான் கூரை போடப் போறாங்க.”

கெசியாவுக்குச் சிரிக்க வரவில்லை. தன்மேல் கோபம் இல்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளக்காரம் என்பது ஒரு முகத்தில் எங்கெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் ஊரில் இல்லை. உதட்டோரத்தில் இருக்கும், புருவத்தில் இருக்கும், பணிவாகத் தாழ்ந்த இமைக்குப் பின்னால்கூட இருக்கும். அவள் எல்லா இடத்திலும் தேடினாள். ஓர் ஓரத்தில் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாள். அங்கே எதுவும் இல்லை.

“நீ அவங்களைத் தோக்கடிக்கணும்னு நினைச்ச. அதுல என்ன கோபம்?” என்றான். “அத்தானைப் போட்டுத் திட்டாதே. அவர் பாவம், யார் சொன்னாலும் கேப்பார்.”

அபராதத்துக்காகத் தறிகளை ஏலத்துக்கு ஏற்றிப்போக அவனே சொல்லி வைத்திருந்த வண்டி வாசலில் வந்து நின்றது. கூடத்திலிருந்து யாராவது ஒருவர் கைகொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்களாம், வரவில்லை. வண்டிக்காரன் தான் ஓட்டத்தான் வந்தேன், தூக்க வரவில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டான். காலேப் முதல் தறியின் ஒரு முனையைப் பிடித்தபடி, மனைவியைக் கூப்பிடலாமா என்று உள்ளே பார்த்தான். அவளுக்கு அது நிறைமாதம் வேறு. கெசியா சால்வையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

தறி நல்ல கனம். குனிந்த முதுகு நிமிராமல் இரண்டு பேரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல்வரை நகர்த்தினார்கள். நிலைப்படியில் திருப்பும்போது இடம் போதவில்லை.

“பார்த்து அக்கா, உன் கை நசுங்கிடப் போகுது” என்றான் காலேப்.